வரவுப் பதிவேடு

முதல் பக்கத்து மசி இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.
எண் ஒன்று: உடற்கூறியல், கெட்டி அட்டை,
விலை நானூற்றுப் பத்து.
கொடை: சூலூர்ச் சாலை மில் ஒன்றின் அறக்கட்டளை.
பஞ்சு மலிந்த வருசம் அது.
"நூல் வெல ஏறுனா நூல் வருமுங்க"
என்று கணக்கர் சென்னியப்பன் சொல்லிவிட்டுத்
தானே சிரிப்பார்.

அப்புறம் மில்லுக்குப் பூட்டு.
பக்கம் முழுக்க அன்பளிப்பு:
வீடு மாறும் டாக்டர்கள் தந்த,
கரையான் ருசி பார்த்த பழம்பதிப்புகள்.

ஆய்வுக்குழு வரும் வருசம் மட்டும் மழை.
மூன்றே நாளில் எழுநூறு புத்தகம்,
எடைக்கு வாங்கியதுபோல.
வந்தவர்கள் தலைப்பைப் பார்க்கவில்லை, எண்ணினார்கள்.
தோல்நோய் ஒன்றே நாற்பது படி.
நாற்பதும் முதுகு மடங்காமல் நிற்கின்றன இன்றைக்கும்.

பிறகு இதழ்கள் திரைக்குள் போயின.
விலை டாலரில்.
ரூபாய் சறுக்கிய ஒவ்வொரு முறையும் இங்கே ஒன்று நின்றது,
முதலில் காது மூக்கு தொண்டை.
வாங்கியதல்ல, வாடகை;
எண் போட என் கையில் எதுவுமில்லை.
எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அலுவலகம் கணக்குக் கேட்டது.
கொடுத்தேன்.
கூட்ட அரங்குக்கு ஏசி வந்தது.

இந்தச் சித்திரையில், சந்தா முடிந்த பதினோராம் நாள்,
வார்டிலிருந்து நேராக வந்தாள் கோகிலவாணி.
பல்லடம் பக்கம் கழிவுப் பஞ்சு நூற்கும் ஒருவர்,
முப்பது வருசமாக மில் மில்லாக.
லீவு முடிந்து போகும் திங்கட்கிழமைதான்
நெஞ்சு இறுகுமாம்.
எந்தெந்த மில் என்று நான் கேட்கவில்லை.

கட்டுரைக்கு முப்பத்தொன்பது டாலர் என்றது திரை.
இருவரும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தோம்,
எதற்கென்று தெரியாமல்.

கழிப்பதற்குக் கயிறு கட்டிய கட்டுகளில் ஒன்றை அவிழ்த்தேன்.
எண் இருநூற்றுப் பதினேழு.
பஞ்சுத்தூசி நுரையீரல்.
கொடை: அதே மில்.
பட்டியலைப் பார்க்காமல் கையெழுத்திட்டிருப்பார் முதலாளி.
பார்த்தே இட்டாரோ என்னவோ.

"ரொம்பப் பழசும்மா" என்றேன்.
"சீக்கும் பழசுதானுங்க மேடம்"
என்றாள், நின்றபடியே பக்கம் திருப்பி.

மறுநாள் கழிவுப் பட்டியலில் ஒரு வரியை அடித்தேன்.
அடித்தல் திருத்தலுக்குக் காரணம் எழுதச் சொல்லி
அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது.
மேசைமேல்தான் கிடக்கிறது,
மின்விசிறிக்குப் பறக்காமல்
தோல்நோய் ஒன்றை மேலே வைத்திருக்கிறேன்.