இரண்டு விநாடி

பீற்றர்பரோவில் மைனஸ் இருபத்தாறு.
கொட்டகைக்குள் ஒரு வால்வு திறக்கிறது, மூடுகிறது,
திறக்கிறது.
இரண்டு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் எஃகு.
சிறிய அணு உலை ஒன்றின் தொண்டையில்
அறுபது ஆண்டு சும்மா இருக்கப் போகிறது.
என்றோ ஒருநாள் கூப்பிட்டால்
உடனே வழிவிட வேண்டும்.

சும்மா இருக்கப் போவதை எப்படிச் சோதிப்பது?
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மூவாயிரம் தரம் ஒழுங்காகத் திறந்தாலும்
பிழைக்கவே பிழைக்காது என்று எழுத முடியாது.
ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் பிழைக்காது,
அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு.
கணக்கு இவ்வளவுதான் தரும்.
கடவுளிடம்கூட நான் இதற்கு மேல் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினோராம் தரம்
ஐந்து விநாடிக்குள் திறக்கவேண்டியது
ஏழில் திறந்தது.

"சென்சர்தான்" என்றான் டெர்மற் கோக்லின்,
"குளிருக்கு அதுவும் கொன்னும்.
அந்த வரியை விட்டுவிடு, வெள்ளிக்கிழமை அவர்கள் வருகிறார்கள்."
சென்சரைக் கழற்றினோம்.
சூடாக்கினோம். திரும்பப் பூட்டினோம்.
சென்சரில் ஒன்றுமில்லை.

தமிழில் ஒரே சொல்:
பிழைப்பது தவறுவதும்,
பிழைப்பது தப்பி வாழ்வதும்.
அறிக்கை ஆங்கிலத்தில்.
அங்கே இரண்டுக்கும் வெவ்வேறு கட்டம்,
ஒன்றில்தான் டிக் போடலாம்.

போட்டேன்.
அறுநூற்று எண்பத்தொன்பது தரம்தான் மிச்சம் இருந்தது.
இப்போது இரண்டாயிரத்து நானூற்று முப்பத்து மூன்று,
அதுவும் இனி ஒருதரமும் பிழைக்காவிட்டால்.
ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிடம்.
ஏறக்குறைய ஏழு நாள், இரவும் சேர்த்து.
டெர்மற் எதுவும் சொல்லவில்லை,
கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தான்
கொஞ்சம் சத்தமாக.

வீடு போகும் வழியில் படகுத் தூக்கி.
இரண்டு பெருந்தொட்டிகள்.
மேலே நிற்பதில் ஓரடி தண்ணீர் கூட விட்டால்
அது இறங்கும், மற்றது ஏறும்;
தூக்க மோட்டார் இல்லை, பாரம் மட்டும்.
நூறு ஆண்டுக்கு மேலாக இப்படி.
பனிக்காலத்தில் ஆளில்லை,
கொங்கிறீற் கோபுரத்தில் காகம்கூட இல்லை.

காரை ஓரமாக நிறுத்தினேன், ஏனென்று தெரியவில்லை.
என்றாவது ஒரு ஓகஸ்ட் மாலை
தொட்டி இரண்டு விநாடி பிந்தியிருக்கும்.
கரையில் ஐஸ்கிறீமோடு நின்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.
யாரோ ஒருவன், கை நிறையக் கிறீஸோடு,
அதைக் குறித்து வைத்திருப்பான்.
அல்லது வைத்திருக்க மாட்டான்.

போன் அதிர்ந்தது. டெர்மற்.
2312. திறந்தது. 4.1.