தாய்மொழிப் பாடவேளை

மணி அடித்ததும் என் வகுப்பு உடையும்.
சீனம் படிப்பவர்கள் மூன்றாம் மாடிக்கு,
மலாய் படிப்பவர்கள் நூலகத்தை ஒட்டிய அறைக்கு,
தமிழுக்கு ஏழு பேர்
தண்ணீர்ப் போத்தலை முட்டியில் இடித்துக்கொண்டு
படியிறங்கிப் போவார்கள்.
முப்பத்தெட்டு நாற்காலிகளோடு நான் மிச்சம்.
வெண்பலகையில் பாதி அழிந்த
இறந்தகால வினைகள்.

ஆங்கிலத்துக்கென்று எழுந்து போக
யீஷூனில் உள்ள இந்தக் கட்டடத்தில்
தனியறை கிடையாது.
அது யாருக்கும் தாய் இல்லை என்பது
கால அட்டவணையின் கணக்கு.

போன சனிக்கிழமை பெற்றோர் சந்திப்பு.
திருமதி குவெக் என் பெயரட்டையைப் படிக்க முயன்று
மங்கையோடு நிறுத்திக்கொண்டார்,
யர்க்கரசி அட்டையிலேயே கிடந்தாள்.
மிகவும் பணிவாகத்தான் கேட்டார்:
மிஸ்டர் பீட்டர் வகுப்புக்கு மகனை மாற்ற முடியுமா,
அவருக்கு அது பிறவி மொழி அல்லவா.
பக்கத்தில் ஜுன் காய்
காலணி முனையைப் பார்த்தபடி
"மா, டோன்ட் லா" என்றான்.
திருத்துவதற்கு அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தஞ்சாவூரில் அத்தை மகள்கள்
நான் வாயைத் திறந்தாலே
பீட்டர் விடுகிறாள் என்பார்கள்.
அசல் பீட்டர் எனக்கு எதிர் மேசை.
ப்ளூம்ஃபொன்டைன்காரர்.
செவ்வாய்தோறும் அவர் அம்மா அழைப்பார்.
தொண்டைக்குள் கூழாங்கல் உருளும் ஆஃப்ரிகான்ஸில்
நாய்க்கு நடந்த அறுவைச் சிகிச்சை பற்றி
அரைமணி நேரம் போகும்.
ஆங்கிலம் தனக்கு எட்டு வயதில்தான் வந்தது என்று
ஒருநாள் கோப்பிக் கடையில் சொன்னார்,
வேறு யாருக்கும் கேட்காத குரலில்,
கடன் இருப்பதைச் சொல்வது போல.

எனக்கோ பிறந்த வாரமே.
பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கி ஓட்டிய அப்பா
இனி வீட்டில் ஆங்கிலம்தான் என்று
எண்பத்தாறில் சட்டம் போட்டார்.
"யெஸ்டர்டே ஐ கோ ஜூரோங்."
"லாஸ்ட் இயர் யுவர் மதர் க்ரை."
இறந்தகாலம் இல்லாத வீடு அது.
அங்கே எதுவும் முடிந்து போகாது.
அவர் போய்ப் பதினோரு ஆண்டு,
அந்த வாக்கியத்தில் மட்டும்
இன்னும் ஜூரோங்குக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்.
அதே வாக்கியங்களைத்தான்
சிவப்பு மையால் வட்டமிட்டு
மாதச் சம்பளம் வாங்குகிறேன்.

தமிழ் அப்புறம் வந்தது.
தொடக்கநிலை ஒன்றில், படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையில்.
இதைக்கூட எழுதி முடித்ததும்
தமிழாசிரியை ஹமீதா பேகத்திடம் காட்ட வேண்டும்.
றகரம் என்னை இன்னும் ஏமாற்றும்.

விண்ணப்பத் தாள் அலுவலகத்தில் இருக்கிறது என்று
திருமதி குவெக்கிடம் சொன்னேன்.
பீட்டரைப் பற்றி வாய் திறக்கவில்லை.
அது அவர் சொல்ல வேண்டியது.
வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான்
சரியான பதில்கள் நான்கு தோன்றின,
நான்கும் முழு இலக்கணத்தோடு.

அடுத்த மணி.
முதலில் திரும்பியவள் கயல்நிலா.
மொழியை மாற்ற மறந்துபோய்
வாசலிலேயே நின்று கேட்டாள்:
"டீச்சர், இவ்வளவு நேரமும் இங்கேயேவா இருந்தீங்க?"

"இருந்தேன்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் வந்த சீனப் பையன்கள்
வேறு யாரோ பேசியது போல
அறையைச் சுற்றிப் பார்த்தார்கள்.

ஜுன் காய் தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.
தாள் இன்னும் வந்து சேரவில்லை.
பலகையில் அழிந்திருந்ததை மறுபடி எழுதினேன்.
கோ. வென்ட்.
கோவைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.