மூன்றாம் படம்

லைடனில் மழை. அனுமதிப் பிரிவில்
நாங்கள் நான்கு பேர், ஒரு காபி இயந்திரம்.
கேட்டு வரும் கடிதங்களுக்கெல்லாம்
மெரெல் என்ற பெயரில் பதில் போகும்.
மெரெல் என்று இங்கே யாரும் இல்லை.
முன்பு இருந்தாளாம்; மகப்பேறு விடுப்பில் போனவள்
திரும்பி வரவில்லை,
பெயரை மட்டும் விட்டுப் போயிருக்கிறாள்.

யோசிக்க எனக்கு அதிகம் வேலையில்லை.
பதினொரு பதில்கள் தயாராக இருக்கின்றன.
எட்டாம் எண்: நாற்பத்திரண்டு யூரோ,
இருபத்து நான்கு மணி நேரம் படிக்கலாம்.
ஒன்பதாம் எண்: வருந்துகிறோம்.
போன மாதம் ஒருவர்
தான் எழுதிய கட்டுரையையே கேட்டிருந்தார்,
பிரதி தொலைந்துவிட்டதாம்.
அவருக்கும் எட்டுதான்.

செவ்வாய்க்கிழமை
நாரினிலிருந்து வந்தது. கிர்கிஸ்தான்
என்று வரைபடம் சொன்னது.
புருல்கன், கால்நடை மருந்தகத்தில் உதவியாளர்.
இரவு இரண்டு மணிக்கு, ஊர் தூங்கி
இணையம் கொஞ்சம் மனம் இரங்கும்போது
தொலைவழி வகுப்பு ஒன்று படிக்கிறாள்.
வகுப்பு இலவசம், காணொளிகள் இலவசம்.
ஆறாம் வாரத்துக்குப் படித்து வரச் சொன்ன கட்டுரை மட்டும்
எங்களுடையது.

செம்மறிகளின் கருச்சிதைவு நோய் பற்றியது.
தலைப்பைத் தொட்டதும் சுருக்கம் வந்ததாம்,
சுருக்கத்தின் கீழே விலை வந்ததாம்,
விலைக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில்,
மூன்றாம் படம்.

'அதில் ஆட்டின் கழுத்தைப் பிடித்திருக்கும் கை
என்னுடையது' என்று எழுதியிருந்தாள்.
'கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும், பாருங்கள்.
முந்தின வாரம் பட்டிக் கதவில் நசுங்கியது.
நானூற்றுப் பத்து ஆடுகள். பிடித்தது நான்,
குப்பிகளில் எண் எழுதியது நான்,
குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பிஷ்கெக் வரை போனதும் நான்.
அந்த ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று
இதுவரை யாரும் சொல்லவில்லை.'

படத்தைப் பெரிதாக்கினேன். எனக்குப் பூட்டு இல்லை.
கறுத்த நகம் இருந்தது.
கீழே பொடி எழுத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர்,
ஆண்டு, எல்லா உரிமைகளும்.
கைக்கும் சேர்த்துத்தானா என்று
சட்டப் பிரிவு தைஸிடம் கேட்டேன்.
"கை அவளுடையது, படம் நம்முடையது,
ரத்தம் யாருடையது என்று மட்டும் கேட்காதே,
மணி ஐந்தாகிறது."
கெட்டவன் இல்லை.
சைக்கிள் விளக்கை மாட்டிக்கொண்டே சொன்னான்.

எட்டாம் எண்ணை எடுத்து ஒட்டினேன்.
அதில் இல்லாத ஒரு வரி உண்டு.
நான்கு பேருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை:
கட்டுரையாளரைக் கேட்டால் அவரே அனுப்பலாம்.
அந்த உரிமையை அவரிடம் விட்டுவைத்திருக்கிறோம்,
ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில்,
யாரும் போய்ப் பார்க்காத மூலையில்.
அந்த வரியை எழுதினேன். முகவரியையும் எழுதினேன்.
கீழே மெரெல் என்றே கையெழுத்திட்டேன்.
வீட்டு வாடகை என் பெயரில்தானே இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து இன்னொரு கடிதம்.
நன்றி ஒரு வரி. மீதி புகார்.
'மூன்றாம் படத்தின் கீழே கிடா என்று போட்டிருக்கிறீர்கள்.
அது கிடா இல்லை, பெட்டை.
இரண்டு முறை ஈன்றது,
மூன்றாவதை வயிற்றிலேயே இழந்தது.
கிடாவுக்குக் கரு கலைந்தால்
அதற்கு நீங்கள் வேறு கட்டுரை போட வேண்டும்.
தயவுசெய்து மாற்றுங்கள்.'

பதினொன்றாம் எண்ணைத் தேடி எடுத்தேன்,
இங்கே வந்து ஒருமுறைகூடத் தொட்டதில்லை:
திருத்தங்களுக்குக் கட்டணம் இல்லை.

வெளியானது. மூன்றே வரி.
சுட்டிக்காட்டியவர் என்று அவள் பெயர்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
கட்டுரைக்கு இன்னும் நாற்பத்திரண்டு யூரோ.
திருத்தத்தை மட்டும்
உலகில் யாரும், எந்த நேரத்திலும் திறந்து படிக்கலாம்:
அது கிடா அல்ல, பெட்டை.