கால் சதவீதம்

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள்.
"இரண்டு நிமிடம், லொரெய்ன்.
பழைய நாட்கள், கொஞ்சம் சிரிப்பு வருகிற மாதிரி."
வங்கித் தலைவரின் மேசையில் பொட்டலம் பிரித்து
அவர் உப்பு மீன் தின்ற கதையைச் சொன்னேன்.
சிரித்தார்கள்.
சொல்லாமல் விட்டது இது.

அறுபத்தெட்டு, ஜனவரி. நியூயார்க், ஜான் தெரு.
பல் மருத்துவர் ஒருவர் காலி செய்துபோன இரண்டு அறை.
கிராம்பு எண்ணெய் வாசம் கடைசிவரை சுவரை விடவில்லை.
ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், நான்,
விஸ்கான்சின் மாட்டுத் தரகர் ஒருவரின் மகன்
வெண்டெல் ஹேவர்காம்ப்.

காதில் செருகிய பென்சிலை எடுத்தார்.
"கேள். பசு வாங்கப் பணம் இல்லை.
பசுவையே காட்டிக் கடன் வாங்கு.
பசுவையே கறந்து கடனை அடை.
கடைசியில் பசு உன்னுடையது."
அதுவரை பசு என்ன தின்னும் என்றேன்.
"நல்ல கேள்வி."
அவ்வளவுதான். பின்னாளில்
செனட் விசாரணையில் இதையே வேறு சொல்லில் கேட்டபோதும்
அதே இரண்டு வார்த்தைதான்.

பதினேழு வங்கிகள் கதவைச் சாத்தின.
அந்தத் தொழிலுக்கு அப்போது ஒரு பெயர்கூடக் கிடையாது.
ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டுக்காரர்
நனைந்த மழைக்கோட்டைக் கழற்றாமலே கையெழுத்திட்டார்.
வாங்கியது ஈரி நகரத்து ஆலை.
குளிர்பதனப் பெட்டிக் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஆலை.
விலை நாற்பது லட்சம் டாலர்.
அவர் பையிலிருந்து போனது எண்பதாயிரம்.

அதைக் கண்டுபிடித்தது அவர் என்று
எல்லாப் பத்திரிகையும் எழுதிற்று.
என் அண்ணன் காசிமிர் அங்கே அச்சு வார்ப்பவன்.
முதலாளி கிழவருக்கு வாரிசு இல்லை என்று
கிறிஸ்துமஸ் விருந்தில், வாயில் ரொட்டியோடு, அவன் சொன்னான்.
விடுமுறை முடிந்து நான் அதை அலுவலகத்தில் சொன்னேன்.
வேறொன்றும் பேச இல்லாததால்தான் சொன்னேன்.

மூன்று மாதச் சம்பளம் தர அவரிடம் இல்லை.
"பதிலுக்கு, நிறுவனத்தில் கால் சதவீதம்."
சலவைக் கடை ரசீதின் பின்புறம் எழுதி நீட்டினார்.
அரைப் பவுண்டு வெண்ணெய் கொடுத்திருந்தால்
அன்று இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்.
முதல் நான்கு வருடம் ஆலை செழித்தது.
புது உலை. கைகழுவும் இடத்தில் வெந்நீர்.
காசிமிர் படகு வாங்கினான், அதற்கு என் பெயர் வைத்தான்.
ஹேவர்காம்ப் ஆலைக்குள் நடந்தால்
முந்நூறு பேரையும் பெயர் சொல்லிக் கைகுலுக்குவார்,
யார் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை என்பதும் தெரியும்.
கெட்டவர் என்று முடித்துவிடலாம் என்றால்
எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கும்.

பிறகு விற்றார். வாங்கியவன் விற்றான்.
அவனிடம் வாங்கியவன் வந்து பார்க்கவே இல்லை,
நிலம் ஒருவனுக்கு, அச்சுகள் மெக்சிகோவுக்கு.
எண்பத்திரண்டில் காசிமிருக்கு வயது நாற்பத்தாறு.
அதே வருடம் என் சலவைக் கடை ரசீது
கனெக்டிகட்டில் வீடாயிற்று. பன்னிரண்டு ஜன்னல்.
"இது நீ கறந்தது," என்றார் ஹேவர்காம்ப், அன்போடு.

ஒவ்வொரு டிசம்பரும் அண்ணனுக்குக் காசோலை அனுப்பினேன்.
என் கணக்கிலிருந்து அது கழியவில்லை என்பதைக்
கணக்குப் பார்த்தே பிழைத்த நான்
கவனிக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

அவன் போன பிறகு பெர்னிஸ் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தந்தாள்.
இருபத்துமூன்று உறைகள். பிரித்திருந்தான்,
படித்திருந்தான், திரும்ப மடித்திருந்தான்.
கொல்லையில் படகு கவிழ்ந்து கிடந்தது,
பெயர் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பூச்சு.

கூட்டம் முடிந்து வந்த இரவு
டப்பாவைச் சமையலறை மேசையில் கொட்டினேன்.
அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.
ஆண்டுவாரியாக அடுக்கி,
ஐந்து சதவீதக் கூட்டு வட்டியில்
எவ்வளவு ஆகியிருக்கும் என்று
பாதி போட்ட பிறகுதான் தெரிந்தது.