சாவிக்கொத்து

மினி லாரியிலிருந்து இறக்கும்போதே
சுழி பாரு என்றார் தனராசு.
நெற்றியில் ஒன்று, கழுத்தில் இரண்டு,
எல்லாம் ராசியான இடம்,
ஒன்றே முக்கால் லட்சம்,
பெயர் புல்லட்.

நான் பார்த்த சுழி
வலது விலாவில் இருந்தது.
மயிர் திரும்ப முளைக்காத நான்கு புள்ளி,
ஆணி வைத்த குச்சி எழுதியது.

"ஆடி ரேக்ளாவுக்குள்ள ஓடணும்.
மதகுப் பாலம் கண்டா நின்னுடுது சவரி,
அடிச்சா பின்னால போவுது."

சவரிமுத்து என்ற என்னைச்
சவாரிமுத்து என்று கூப்பிட்ட காலம் உண்டு.
அப்போது அந்தக் குச்சி என் கையிலும் இருந்தது.
வடுவூர்ச் சாலையில் நடுக்குதிரைப் பந்தயம்,
முதலாவது வந்தது என் குதிரை,
எல்லைக்கோடு தாண்டிப் படுத்தது,
எழவில்லை.
எனக்கு மாலை போட்டார்கள்.
என் மாலையில் செவ்வந்தியை
எட்டிக் கடிப்பது அதன் வழக்கம்.
இதற்குமேல் இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

முதல் நாள் நான் ஒன்றும் செய்யவில்லை.
வெண்ணாற்றங்கரையில், உளுந்து எடுத்த வயலில்
அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து
வெறும் வாயை மென்றேன்.
இரண்டாம் நாளும் அதே வேலை.
ஆடு ஓட்டி வந்த பவுனம்மா கேட்டாள்:
"இதுக்கா சம்பளம்?"
நான்காம் நாள், வெயில் சாயும்போது
என் பிடரியில் ஒரு மூச்சு பட்டது,
ஈரமாக, கொள்ளு வாசனையோடு.
நான் திரும்பவில்லை.
திரும்பியிருந்தால்
இன்னும் நான்கு நாள் ஆகியிருக்கும்.

பிறகு கயிறு போட்டேன், இழுக்கவில்லை.
கயிறு தொய்ந்து கிடந்தால்தான்
அந்த நுனியில் நினைப்பது
இந்த நுனிக்கு வந்து சேரும்.
அதன் காது திரும்பும் திசையில் நானும் பார்ப்பேன்:
கொக்கு,
அறுப்பு மெஷின்,
எங்கோ யாரோ தும்மியது.

பாலத்துக்குப் பத்தடி முன்னால் அது நிற்கும்.
நானும் நிற்பேன்.
ஷட்டர் சங்கிலி காற்றில் ஆடி
இரும்பில் மோதும். கிணிங். கிணிங்.
பாலத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தேன்,
நிழலைப் பார்த்தேன்,
ஒரு நாள் குனிந்து அதன் கண் உயரத்திலிருந்தும் பார்த்தேன்.
சங்கிலியை மட்டும் கேட்கவில்லை. மடையன்.

ஆற்றில் தண்ணீர் வந்த அன்று
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும்
முன்னால் உருண்டு வந்தன.
லஸ்கர் வந்து ஷட்டரைத் தூக்கினார்.
சங்கிலி விறைத்தது, சத்தம் நின்றது.
புல்லட் என்னைத் தாண்டி நடந்து போய்
பாலத்தின் நடுவில் நின்று
தண்ணீரைப் பார்த்தது,
முதல்முறை தொட்டிலை எட்டிப் பார்க்கும் பிள்ளை மாதிரி.

அந்த நேரம் பார்த்துத் தனராசு வந்தார்.
வண்டியை நிறுத்தி,
சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே.
கிணிங்.
குதிரை அப்படியே பின்னால் வந்தது,
தொடையெல்லாம் வேர்வை.

"அடிக்கிறப்ப
சாவிய எந்தக் கையில வச்சிருப்பீங்க?"

அவர் கையைப் பார்த்தார்.
வெகுநேரம் ஆற்றைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து வாங்க. நடந்து வாங்க.
அதுக்கு முதுகு காட்டி உக்காரணும்."
"நானா?"
"சம்பளம் அதேதான்."

இன்று மூன்றாவது நாள்.
வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்,
வேட்டியெல்லாம் உளுந்துச் செத்தை.
சாவிக்கொத்து உள்ளங்கைக்குள்,
விரல் முட்டி வெளுக்கும் அளவுக்கு.
"இப்ப யாருக்குச் சம்பளம்?" என்று
சிரித்துக்கொண்டு போகிறாள் பவுனம்மா.
புல்லட் பாலத்துக்கு அந்தப் பக்கம் மேய்கிறது,
ஒரு காது மட்டும் இந்தப் பக்கம்.

அவர் கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது.
அடிக்கக் கையை ஓங்கினார்.
ஓங்கிய கையைப் பார்த்தார்.
மெதுவாக இறக்கி
மடியில் வைத்துக்கொண்டார்.