ஷேடு மாறிய வாரம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் டோனல்
எங்கள் எட்டாயிரத்து நானூறு உருப்படியையும்
திருப்பிவிட்டான்.
கைக்கும் உடம்புக்கும் ஷேடு ஒட்டவில்லையாம்,
ட்யூப்லைட்டில் ஒரு நீலம், வெயிலில் ஒரு நீலம்.
நானும் பார்த்தேன்.
ஒட்டத்தான் இல்லை.
அதைச் சொல்லாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மேசை முழுக்கச் சின்னச் சின்னச்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள்.
ஒன்று என் சட்டைக்கையில் ஒட்டிக்கொண்டு
வீடுவரை வந்தது.

ஞாயிறு பொழுதோடு
மேண்டலினைத் தோளில் மாட்டிக்கொண்டு
இரண்டு பேக்கரி தாண்டியும்
போவதா வேண்டாமா என்றிருந்தேன்.
மூன்றாவதில் டீ சொல்லும்போது
முதலாளி சென்னியப்பண்ணன் போனில்:
"அவங்கூடத்தான உக்காந்து தட்டுவீங்க,
சித்தெ எடுத்துச் சொல்லுங்க."

அனுப்பர்பாளையத்தில் ஒரு மொட்டை மாடி.
சாயக் கெமிக்கல் விற்கும் ஃபியோனாவின் கான்சர்ட்டினா,
பின்னல் மெஷின் பூட்ட வந்து
ஆறு வருஷமாய்த் திரும்பாத உல்ரிக்கின் கிடார்.
ஐரிஷ்காரர்கள் இரண்டே பேர்.
மற்றவர்கள் ஒறம்பரையாக வந்து ஒட்டிக்கொண்டோம்.
அவர்களுடைய வெளிநாடு
எனக்குப் பத்து நிமிஷ வண்டித் தூரம்.

யாருக்கும் அத்தனை நன்றாக வராது.
டோனலின் வில் மேல்கம்பியில் கீச்சென்னும்.
உல்ரிக் மூன்றாம் சுற்றில்தான்
இது எந்த மெட்டு என்று கண்டுபிடிப்பார்.
என்னுடையவை நோம்பிக் கச்சேரிகளில்
சினிமாப் பாட்டு வாசித்த விரல்கள்,
நீளும் சுரத்தில் தாமாகவே நடுங்கும்.
ஃபியோனா முகம் சுளிப்பாள்: நேராக விடு.

பவுரான் என்கிற கைப்பறை
அவர்கள் ஊர் ஈரத்தில் தொய்ந்துபோகுமாம்.
இங்கே பங்குனியில் விறைத்து
தகரமாய்க் கத்துகிறது.
டையிங் லேபிலிருந்து வரும் தெய்வாத்தாள்
தோலில் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பாள்,
கோயிலில் கிடாய் துலுக்கக் காத்திருப்பதுபோல்.
அது துலுக்கியபின் தொடங்குவோம்.

அன்று என் பக்கம் பார்க்காமலே
டோனல் முதல் மெட்டை எடுத்தான்.
இந்த இசையில் முன்பாட்டு பின்பாட்டு கிடையாது,
எல்லோருக்கும் ஒரே மெட்டு.
மூன்று சுற்று, பிறகு நிற்காமல் அடுத்ததற்குள் விழ வேண்டும்,
ஓவர்லாக்கில் நூல் அறுக்காமல்
தோள் மூட்டி, பக்கம் மூட்டி
ஓட்டிக்கொண்டே போவது மாதிரி.

இரண்டாம் சுற்றில் நான் தப்பினேன்.
வேண்டுமென்று இல்லை என்றுதான் நினைக்கிறேன்.
ஒரு சுரம் முந்திப்போய்
என் மெட்டு ஒரு பக்கம், அவர்கள் மெட்டு ஒரு பக்கம்.
அவன் நிறுத்தவில்லை.
மூன்றோடு முடிக்க வேண்டியவன்
வில்லைத் தணித்துக்கொண்டு
நாலாவது சுற்றும் போனான்.
பாதி வழியில் ஏறிக்கொண்டேன்.

கீழே பட்டறையில் யாரோ
ஞாயிறென்றும் பாராமல்
அண்டா தட்டிக்கொண்டிருந்தார்.
தாளம் சேர்வதுபோல் வந்து சேராமல் போனது.

கரண்ட் போயிற்று. வாசித்துக்கொண்டே இருந்தோம்.
இருட்டில் ஷேடு தெரியாது என்று
சொல்ல வாயெடுத்து
அடக்கிக்கொண்டேன்.

தேங்காய் பன்னைப் பிய்த்து நீட்டினான்.
"நாளைக்குக் காலையில் வருகிறேன்.
மேசையை ஜன்னலோரம் போடு."

"எடுத்துச் சொன்னீங்களா?" என்றார் அண்ணன்.
"வாசிச்சமுங்க" என்றேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.

திங்களன்று ஒவ்வொன்றாய் வெயிலில் பிடித்து
ஆறாயிரம் தேற்றிக்கொடுத்தான்.
மிச்சம் மிச்சம்தான். சலுகை இல்லை.
காதர்பேட்டைக்கு மூட்டை கட்டினோம்.

அடுத்த ஞாயிறு அதில் ஒன்றை
நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கிப் போட்டு வந்திருந்தான்.
பேரம் பேசவில்லையாம், தெய்வாத்தாள் திட்டினாள்.
வில்லைத் தூக்கினான்.
உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம்.
மொட்டை மாடி வெயிலில்
நன்றாகவே தெரிந்தது.