முறைப் பாசனம்

மூணாறு தலைப்பில் முப்பத்தோரு வருஷம் லஸ்கர்.
வெண்ணாறு இங்கே வந்துதான் பிரியும்:
கோரையாற்றுக்கு இவ்வளவு, பாமணிக்கு இவ்வளவு.
போனில் எண் வரும், திருகுவேன்.
கன அடியில் பேசிய வாய் இது.

இப்போது எனக்கு
நாளொன்றுக்கு எழுநூற்றைம்பது மில்லி.
கோடு போட்ட பாட்டிலில்
செங்கமலம் விடிகாலையில் ஊற்றி வைக்கிறாள்.
காபி அதில் கழியும், மாத்திரை அதில் கழியும்,
ரசம் கேட்டால் ரசமும்.
நாலு மணிக்கே
கடைமடைக்காரன் மாதிரி
பாட்டிலை எட்டிப் பார்க்கிறேன்.

"ராத்திரி டூட்டியில் என்ன தின்பீங்க?"
மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
டயாலிசிஸ் கட்டில் பக்கம் நாற்காலி இழுத்துப்போட்டுக்
கேட்டார் நூருன்னிசா மேடம்.
காராசேவு என்றேன்.
நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் அரைமணி நேரம்,
அதற்குள் ஒரு பொட்டலம் பகோடா.
மிக்சர் இல்லாமல் தண்ணீர் வரத்தை எழுதியதே இல்லை.
பிரஷர் மாத்திரை?
அது ஞாபகம் வந்த நாளில்.
அவர் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

உப்பைத் தின்றவன் தண்ணி குடிப்பான்.
கிட்னி இருக்கிறவனுக்குச் சொன்ன சொல் அது.
நான் உப்பைத் தின்றால்
தண்ணீர் கேட்கும்,
குடித்தால்
வடிய வாய்க்கால் இல்லை;
கணுக்காலில் தேங்கும்,
ராத்திரி நெஞ்சுக்கு ஏறும்.

திருச்சியிலிருந்து மாப்பிள்ளை வந்தார்.
"சோடியம் கம்மி, மாமா" என்று
பளபளவென்று ஓர் உப்பு பாக்கெட்.
ரெண்டு நாள் புடலங்காய்க் கூட்டு
புடலங்காய் மாதிரியே இருந்தது.
நாக்கு எழுந்து உட்கார்ந்தது.
மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில்
செங்கமலம் பெருமையாகப் பாக்கெட்டை நீட்ட,
மேடம் பொடி எழுத்தைப் படித்த கையோடு
ஈ.சி.ஜி. வண்டியை உருட்டி வரச் சொன்னார்.
சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியம்.
மற்றவர்க்கு அது உப்பு;
எனக்கு அது இதயம் நிற்கிற வழி.

எனக்குப் புரிந்தது இப்படி:
ஒரு ஷட்டரை இறக்கிய கையோடு
பக்கத்து ஷட்டரைத் தூக்கியிருக்கிறோம்.
மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.
நல்ல மனுஷன்.

இந்த ஆனியில் தண்ணீர் வந்த அன்று
தலைப்புக்குப் போய் நின்றேன்.
நுரையும் ஆகாயத்தாமரையும்
ஒரு ஒற்றைச் செருப்புமாக
ஷட்டருக்கடியில் இரைந்து போனது ஆறு.
என் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.
டூட்டியிலிருந்த வைரக்கண்ணு
என்னைக் கண்டதும்
காராசேவுப் பொட்டலத்தை
வரத்துப் பதிவேட்டுக்கு அடியில் தள்ளினான்.
எண்ணெய் ஊறி
பதிவேட்டில் பாமணி ஆறு கறைபட்டது.

எடு என்றேன்.
என் பையில் உப்பில்லாப் பொரி இருந்தது,
கடுகும் பூண்டும் தாளித்தது, செங்கமலம் கைப்பாகம்.
அதில் பாதியை அவனுக்குக் கொட்டிவிட்டு
ஒரே ஒரு சேவு எடுத்தேன்.
ஒடித்தேன்.
அரைத் துண்டு.
மிளகு உறைத்தது, பிறகு உப்பு வந்தது,
வெகுநேரம் வந்துகொண்டிருந்தது.

வீட்டில் மறைக்கவில்லை.
அவள் ஒன்றும் பேசவில்லை.
ராத்திரி இட்லிக்கு
என் கிண்ணத்துச் சட்னியில் மட்டும்
உப்பு இல்லை.
காலையில் எடை மிஷின் முன் குனிந்தாள்,
அளவுகோலில் ஆற்று மட்டம் பார்க்கிற மாதிரி.
அறுபத்தொன்று நானூறு, என்றாள்.
பாட்டிலை நிரப்பப் போனாள்.